தண்ணீர் ஊற்றி அனுப்பிய விருந்தாளி

மாத்தேய் என்ற ஸ்லோவேனியா நாட்டுப் பயணி, எங்கள் கடலோர ஊரான ராஸ் லஹ்மரை விட்டு எந்த வண்டியில் ஏறிப் போனாலும் பொழுது சாய்வதற்குள் ராஸ் லஹ்மரிலேயே வந்து இறங்கினார். முதல் நாள் அவர் ஏறிய வாடகை வேன், ஸ்ஃபாக்ஸ் நெடுஞ்சாலையில் ஓரிடத்திலும் திரும்பாமல் நேராக ஓடி, எங்கள் ஊர் மீன் சந்தைக்குப் பின்புறம் வந்து நின்றது. கூட வந்தவர்கள் ஓட்டுநர் துஹாமியைச் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். "என் மேல ஏன்யா பாயறீங்க? நான் ஸ்டியரிங்கையே திருப்பல! உங்க கூட வந்த வெள்ளைக்காரரைக் கேளுங்க!" என்று துஹாமி கத்தினார். மறுநாள் பேருந்திலும் அதே கதை. அதற்கடுத்த நாள் எந்த வண்டியும் அவரை ஏற்றிக்கொள்ள மறுத்ததால், மாத்தேய் பையைத் தூக்கிக்கொண்டு கடலை இடது கைப் பக்கம் வைத்து நாள் முழுக்க நடந்தார். மாலையில் எங்கள் கலங்கரை விளக்கத்துக்கு மறுபக்கமாக வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் தீவு அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஊரில் இதைக் கண்டு யாரும் வாய் பிளக்கவில்லை. என்ன நடந்திருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பயணம் புறப்படுகிறவரின் முதுகுக்குப் பின்னால், வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு செம்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றினால் அவர் திரும்பி வருவார். மற்ற ஊர்களிலும் ஊற்றுகிறார்கள். அங்கே அது ஒரு சாஸ்திரத்துக்குத்தான். எங்கள் ஊரில் அது பூட்டுக்குச் சாவி போல வேலை செய்யும். பிரான்ஸுக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள், கோபித்துக்கொண்டு போன கணவன்மார்கள் எல்லாரும் இப்படித்தான் திரும்பி வந்தார்கள். தாஹர் என்பவன் மட்டும் இனி இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பிரான்ஸின் மார்சேய் நகரத்தில் பிடிவாதமாக இருந்தான். அவனும் வந்தான், பெட்டியில். தண்ணீர் ஆளைக் கொண்டுவரும், உயிருக்கு அது பொறுப்பில்லை. அதனால்தான் முன்பின் தெரியாத பயணிகளுக்கு நாங்கள் ஒரு சொட்டுகூட ஊற்றுவது கிடையாது.

ஊற்றியவள் மெஹ்ரெசியா. கணவனை இழந்து, ஆக்டோபஸ் உலர்த்தி விற்று ஒரே மகன் லஸாத்தை வளர்த்தவள். அந்த லஸாத்தும் வேறு ஆறு இளைஞர்களும் ஒரு ரப்பர்ப் படகில் இத்தாலிக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். தாயிடம் சொன்னால் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று சொல்லாமலே போய்விட்டான். ஆகவே அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விழவில்லை. போன் வரவில்லை, படகு கரைசேர்ந்ததாகவும் தகவல் இல்லை, கவிழ்ந்ததாகவும் இல்லை. மெஹ்ரெசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகனின் அறை காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஊர் சுற்றிப் பார்க்க வந்த மாத்தேய்க்கு அதை வாடகைக்கு விட்டாள். அவர் மருந்துக் கடைக்காரர், சாதுவான மனிதர், கிளிஞ்சல்களையும் பழைய கதவுகளையும் படம் எடுத்துக்கொண்டு திரிந்தார். புறப்பட்ட காலையில் வாடைக் காற்று அடித்தது. அவளே லஸாத்தின் கம்பளித் தொப்பியை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டாள். தொப்பியும் தோளில் பையுமாக அவர் தெருவில் இறங்கிப் போனதைப் பின்னாலிருந்து பார்த்தபோது, அவள் கை தானாகச் செம்பைக் கவிழ்த்தது. வாயும் சும்மா இருக்கவில்லை. "போயிட்டு வா, மகனே" என்றது.

வாசலில் விழுந்த அந்தத் தண்ணீர் காயவில்லை. உச்சி வெயிலிலும் மணலில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம் அப்படியே இருந்தது. துஹாமி சாம்பலைக் கொட்டினார், ஆலிவ் பிண்ணாக்கைக் கொட்டினார். கொட்டியதெல்லாம் நனைந்ததுதான் மிச்சம். ஊற்றியவள் கையால் துடைத்தால் மட்டுமே அது போகும். மெஹ்ரெசியாவோ அந்த ஈரத்தின் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"துடைச்சிடு அக்கா. அந்த மனுசன் பொண்டாட்டி மாசமா இருக்காளாம். பாவம் இல்லையா?" என்று அவளுடைய தம்பி அம்மார் கெஞ்சினான். அவன் மீனவன், சொந்தமாக ஒரு படகு வைத்திருந்தான்.

"பாவம்தான். ஆனா நான் 'மகனே'ன்னு சொல்லி ஊத்துனேன்டா. அதுல பாதி என் புள்ளைக்குச் சேர வேண்டியது. அவனுக்கு இருக்கிறதே இந்த ஈரம் ஒண்ணுதான். இதையும் துடைச்சிட்டா அவன் எதைப் புடிச்சுக்கிட்டு வருவான்?"

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பெற்றவள் சொல்வதில் தப்பில்லை என்றார்கள் சிலர். விருந்தாளியைச் சிறை வைத்த ஊர் என்ற பெயர் நமக்கு வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். மாத்தேய் தினமும் தேநீர்க் கடைக்கு வந்து மனைவிக்குப் போன் செய்வார். பேருந்து திரும்பி வந்துவிட்டது, நடந்து பார்த்தேன், நடந்தும் திரும்பி வந்துவிட்டேன் என்று சொன்னால் எந்த மனைவி நம்புவாள்? யார் அவள், பெயரைச் சொல் என்று அந்தம்மா கேட்டது கடை முழுக்கக் கேட்டது. ஆரம்பத்தில் கடையில் சிரித்தார்கள். மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது, ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, மருத்துவர் தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து சொன்ன நாளிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. மருந்துக் கடைக்காரருக்கு அந்தச் சொற்களின் பொருள் எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் சர்க்கரை போட மறந்து தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். நாங்களோ வேறொன்றை நினைத்துப் பயந்தோம்: இந்த மனிதர் பொறுமை இழந்து ஏடாகூடமாக எதையாவது செய்து, தாஹரைப் போல வந்து சேர்ந்துவிடக் கூடாது.

கடலில் போய் லஸாத்தைத் தேடும் யோசனை அவருடையதுதான். ஒரு நாள் மதியம், அதற்குள் கற்றுக்கொண்டிருந்த அரைகுறை அரபியில் அம்மாரிடம் கேட்டார். "நான் எங்க போனாலும் திரும்பி வருவேன், இல்லையா? கூட வர்றவங்களும் வருவாங்க?"

"வருவீங்க. அந்த வேன் மொத்தமும் வந்துச்சே."

"கடல்ல போனா?"

அம்மார் வலையைக் கீழே வைத்தான். "வருவீங்க, சார். மூச்சோடவா மூச்சில்லாமலானுதான் சொல்ல முடியாது."

மாத்தேய் வீரர் அல்ல. துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகில் ஏறினாலே முகம் வெளிறுகிறவர். அந்த மகன் கிடைத்தால்தான் அந்தத் தாய் துடைப்பாள், துடைத்தால்தான் தன் வீட்டுக்குப் போக முடியும் என்ற கணக்கைத் தவிர அவர் மனதில் எதுவும் இல்லை. அதை அவரே ஒளிக்காமல் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதாலேயே எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. கடல் அப்போது கெட்டுக் கிடந்தது. யாரும் படகு இறக்காத பருவம். அம்மார் மட்டும் இறக்கினான். மெஹ்ரெசியா ரொட்டியும் ஹரிஸா மிளகாய் விழுதும் குடிநீர்க் கேன்களும் கட்டிக் கொடுத்தாள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றத் தேவை இருக்கவில்லை.

நாலைந்து முறை போனார்கள். ஒவ்வொரு முறையும் வடக்கே போய்க்கொண்டிருந்த படகு, யாரும் திருப்பாமலே எங்கள் துறைமுகத்துக்குள் வந்து நுழைந்தது. மாத்தேய் வாந்தி எடுத்தபடி இறங்கினார், மறுநாள் மறுபடி ஏறினார். மெஹ்ரெசியா பாயை விட்டு எழுந்து ஓடி வந்து, படகில் எத்தனை தலை என்று பார்த்துவிட்டு, பாய்க்கே திரும்பிப் போவாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை என்று அம்மார் பின்னால் சொன்னான். அந்த எரிச்சலில்தான் கடைசி முறை நடுக்கடலில் இஞ்சினை அணைத்துவிட்டுச் சுக்கானையும் விட்டுவிட்டான். "இழுத்துட்டுப் போற தண்ணிக்குத் தெரியாதா எங்க போகணும்னு? போகட்டும்!" என்று கத்தினான்.

படகு ஊரை நோக்கித் திரும்பவில்லை. காற்றுக்கு எதிராக, கிழக்கே, நாய் மோப்பம் பிடித்துப் போவது போல மெதுவாகப் போனது. திரும்ப வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவரை ஏற்றிக்கொண்டு மற்றவரைக் கூப்பிட அது போயிற்று. மெஹ்ரெசியா கணக்குப் போட்டது சரிதான் என்பதை நாங்கள் பிறகு ஒத்துக்கொண்டோம். பழுதான இஞ்சினோடு, காற்று பாதி இறங்கிய ரப்பர்ப் படகு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. உள்ளே ஏழு பேரும் இருந்தார்கள். உதடுகள் வெடித்து, கண்கள் குழிந்து, மழைத் தண்ணீரைச் சட்டையில் பிழிந்து குடித்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரே மடக்கில் குடிக்க விடாமல், தண்ணீரைக் கேன் மூடியில் ஊற்றி ஊற்றி ஒவ்வொருவர் வாயிலும் விட்டவர் மாத்தேய்தான். அவர் அப்போது வாந்தி எடுக்கவில்லை.

துறைமுகத்தில் லஸாத்தை இறக்கியதும் மெஹ்ரெசியா அவனைக் கட்டிப்பிடித்தாள், பளாரென்று ஒரு அறை விட்டாள், மறுபடி கட்டிப்பிடித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே வீட்டுக்கு நடந்து, தலையில் போட்டிருந்த வெள்ளைத் துணியை உருவி வாசலில் மண்டியிட்டாள். அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். செய்தி அவ்வளவு சீக்கிரம் பரவியிருந்தது. அவர்கள் பிள்ளைகளும் வேறு படகுகளில் கிளம்பிக் கடலில் காணாமல் போயிருந்தார்கள். "உன் புள்ள வந்துட்டான். இன்னும் ஒரே ஒரு தடவை அவரைப் போகச் சொல்லு. எங்க வயிறு எரியுது, மெஹ்ரெசியா" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் மெஹ்ரெசியா பார்த்தது தன் முகத்தையே. மாத்தேய் ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அங்கயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா" என்று சொல்லிவிட்டு அவள் துடைத்தாள். ஈரம் போய் மணல் வெறும் மணலானது. பக்கத்து ஊர்க்காரிகள் அவளைச் சபித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்றும் அவளோடு பேசுவதில்லை.

மறுநாள் காலை மாத்தேய் புறப்பட்டபோது ஊரே தெருவில் நின்றது. பெண்கள் குடங்களைக் காலி செய்து கவிழ்த்து வைத்திருந்தார்கள். குழாயடியில் ஒருவர் காவலுக்கு நின்றார். அழுதவர்கள்கூடக் கண்ணீர் தெருவில் விழாமல் தலைத்துணியால் ஒற்றிக்கொண்டார்கள். இவ்வளவு பிரியப்பட்ட ஒருவரை இப்படி உலர்ந்த தெருவில் நாங்கள் அனுப்பியதே இல்லை. மெஹ்ரெசியா அவர் கையைப் பிடித்து, வாய்க்குப் பழகிப்போனதை விழுங்கிக்கொண்டு, "போங்க தம்பி. திரும்பி வந்துடாதீங்க" என்றாள். அவர் தலையசைத்துவிட்டுத் துஹாமியின் வேனில் ஏறினார்.

அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. மாலையில் வேன் வந்தபோது மெஹ்ரெசியாதான் முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வெங்காய மூட்டைகளும் இரண்டு ஆசிரியைகளும் இருந்தார்கள். அவள் இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். "வரலக்கா, நிஜமாவே வரல" என்று துஹாமி சொன்ன பிறகுதான் தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.