நூற்றுக்கு எண்பத்திரண்டு

அல்பிரட் வீட்டில் மகளின் மதிப்பெண்களை ஐந்தால் பெருக்கித்தான் வெளியே சொல்வார்கள். அவர்கள் இருக்கும் பிரான்சில் பள்ளிக்கூட மதிப்பெண் இருபதுக்குப் போடப்படுகிறது. ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய அக்கா றெஜினாவுக்கு அந்த இருபது பிடிபடாது. மன்னாரில் அவர்கள் படித்த காலத்தில் எல்லாம் நூற்றுக்குத்தான். அதனால் ஒவ்வொரு பள்ளித் தவணை முடிவிலும் அல்பிரட் தொலைபேசியில் பெருக்கிச் சொல்வார்.

"எமிலிக்கு எண்பத்திரண்டு, அக்கா."

"எண்பத்திரண்டோ? பரவாயில்லை. பிள்ளைக்கு மீன் எண்ணெய் குடுத்துப் பாரன். என்ரை மூத்தவனுக்குத் தொண்ணூற்றாறு."

"ஓம் அக்கா, குடுக்கிறன்."

இப்படி மீன் எண்ணெயும் ஆறுதலும் கேட்டே வளர்ந்த எமிலி, தான் ஓரளவு படிக்கிற பிள்ளை என்று நினைத்திருந்தாள். பதினேழு வயதில், பாரிசின் புறநகரான பொண்டியில் லிசே என்ற மேல்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள்.

"இஞ்சை படிப்புக்குக் காசே கட்டத் தேவையில்லை. அங்கை ஏன் போகோணும்?" என்று அம்மா புஸ்பராணி கேட்டார். நியாயமான கேள்விதான். எமிலியிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய இரும்பு மேடை இருக்கிறது. அதன்மேல் நாலைந்து மாடிக் கட்டடம் ஒன்றை உண்மையாகவே கட்டுவார்கள். பிறகு எப்போதோ எங்கோ நடந்த ஒரு நில அதிர்வின் பதிவை எடுத்து, பாட்டுப் போடுவதுபோல் அந்த மேடையில் போடுவார்கள். அடியில் இருக்கும் எண்ணெய் அழுத்தக் குழாய்கள் அந்த அதிர்வை அப்படியே மேடைக்குக் கொடுக்கும். கட்டடம் ஆடும். எந்த மூலை முதலில் விரிசல் விடுகிறது, எந்தத் தூண் தாங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பாரிசில் அவள் விசாரித்த இடங்களில் மாணவர்கள் இதைப் படத்தில்தான் பார்க்கலாம். அங்கே இரண்டாம் ஆண்டிலேயே மேடைக்குக் கீழே இறங்கி வேலை செய்யலாம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஓரளவு அந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் ஓடுகிறது. ஆகவே அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளியார் எல்லாருக்கும் அதைப்போல மூன்று மடங்கு. பக்கத்து மாநிலத்தில் இருந்து போனாலும் பொண்டியில் இருந்து போனாலும் வெளியார் வெளியார்தான். ஆனால் கெட்டிக்கார வெளியார் வரவேண்டும் என்றும் பல்கலைக்கழகத்துக்கு ஆசை உண்டு. அதற்காகத்தான் திறமை உதவித்தொகை. சராசரி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினால், வெளியார் கட்டணத்தை உள்ளூர்க் கட்டணமாக இறக்கிவிடுவார்கள். உள்ளூர்க் கட்டணம் என்றால் அல்பிரட்டும் புஸ்பராணியும் வங்கிக் கடனோடு சேர்த்துச் சமாளிக்கலாம். வெளியார் கட்டணம் என்றால் அந்தப் பேச்சே இல்லை.

விண்ணப்பத்தில் சராசரியை உங்கள் நாட்டு அளவில் எழுதலாம், அல்லது நூற்றுக்கு மாற்றி எழுதலாம் என்று இருந்தது. நூற்றுக்கு மாற்றினால் அவர்களுக்கு வேலை சுலபம் என்று எமிலி நினைத்தாள். அவளுடைய சராசரி பதினாறு புள்ளி நாலு. வீட்டில் எப்போதும் செய்வதுபோல் ஐந்தால் பெருக்கி எண்பத்திரண்டு என்று எழுதினாள்.

மார்ச் மாதம் பதில் வந்தது. இடம் உண்டு. உதவித்தொகை இல்லை. மறுபரிசீலனை கேட்பதானால் ஏப்ரல் முடிவதற்குள் கேட்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அம்மா வேலை செய்யும் அழகுநிலையத்தில் எமிலி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புஸ்பராணி, ரோசாலி என்ற பாண்டிச்சேரி அம்மாவுக்குத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். ரோசாலி மாதம் ஒருமுறை ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் இருந்து வருபவர். சாயம் ஊறும்வரை பேசாமல் இருக்க அவரால் முடியாது.

"என்ன புஸ்பராணி, உன் பொண்ணு இன்னிக்கு பொன்ழூர்கூட சொல்லல?"

"அமெரிக்காவுக்குக் கேட்டவள். மார்க் காணாதாம், அக்கா."

"எவ்வளவு?"

"எண்பத்திரண்டு."

"எண்பத்திரண்டா? அது என்ன, பஸ் நம்பரா? மொயேன், சராசரி எவ்வளவுன்னு கேட்டேன்."

எமிலி தொலைபேசித் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பதினாறு புள்ளி நாலு, மதாம்."

ரோசாலி நாற்காலியில் அப்படியே திரும்பினார். புஸ்பராணியின் தூரிகை அவர் காதில் ஒரு கறுப்புக் கோடு போட்டது.

"பதினாறா! என்ன பேசுற நீ? எங்க பையன் யானிக்குக்குப் பன்னிரண்டு வந்ததுக்கே வீட்ல பிரியாணி போட்டு அம்பது பேரைக் கூப்பிட்டோம். எங்க வீட்டுக்காரர் பெர்னார் கண்ணுல தண்ணி. பதினாறு வந்திருந்தா நான் தெருவையே அடைச்சிருப்பேன்!"

"பன்னிரண்டு எண்டால் அறுபதெல்லே…" என்று தொடங்கிய புஸ்பராணி நிறுத்திக்கொண்டார்.

"அறுபது என்னடி அறுபது? எங்க அப்பா பாண்டிச்சேரி பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்ச காலத்துல இருந்து நாங்க இருபதுலதான் இருக்கோம். பன்னிரண்டுன்னா பன்னிரண்டு!"

எமிலி தவணை அறிக்கையைத் திரையில் திறந்தாள். இத்தனை வருடமும் அவள் தன் மதிப்பெண் இருக்கும் நிரலை மட்டுமே பார்த்து வந்தாள். அதற்குப் பக்கத்தில் மூன்று நிரல்கள் உண்டு: வகுப்பின் சராசரி, ஆகக் குறைந்த மதிப்பெண், ஆகக் கூடிய மதிப்பெண். கணிதத்தில் வகுப்புச் சராசரி பத்து புள்ளி ஏழு. ஆகக் கூடியது பதினேழு புள்ளி ஒன்று. அது அவளுடையது. பௌதிகத்திலும் ஆகக் கூடியது அவளுடையது. தத்துவத்தில் வகுப்புச் சராசரி ஒன்பது. அவளுக்குப் பதினைந்து. அதற்கு மேல் ஒருவரும் இல்லை.

பெருக்கலில் பிழை இல்லை. பதினாறு புள்ளி நாலை ஐந்தால் பெருக்கினால் எண்பத்திரண்டுதான் வரும். ஆனால் மதிப்பெண் நீளமோ எடையோ அல்ல, ஒரு பள்ளிக்கூடத்தின் பழக்கம். மன்னாரில் ஒரு கணக்கு வாத்தியார் எல்லாம் சரி என்றால் நூறு போட்டார். பிரான்சில் ஒரு தத்துவ ஆசிரியைக்கு எந்தக் கட்டுரையும் முடிந்த கட்டுரை அல்ல, இன்னும் நன்றாக எழுத இடம் இருக்கும். ஆகவே அவருடைய பேனா பதினைந்தில் நின்றுவிடும். பதினாறில் இருந்தே பரீட்சைச் சான்றிதழில் 'மிக நன்று' என்று எழுதுகிறார்கள். அதற்கு மேலே உள்ள எண்கள் காலியாகக் கிடக்கும் மேல்மாடிபோல. அந்தக் காலி மாடியையும் சேர்த்துப் பெருக்கினால், கூரையில் நிற்கும் பிள்ளை நடுவில் நிற்பதுபோல் தெரியும்.

அன்று பின்னேரம் எமிலி இதை அப்பாவுக்கு விளக்கினாள். அல்பிரட் அறிக்கையை வரிவரியாகப் படித்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் அக்காவுக்குப் பொய்யே சொன்னனான்?"

"பொய் இல்லை அப்பா. கணக்குச் சரி. கருத்துத்தான் பிழை."

"நீ வகுப்பிலை முதலாம் பிள்ளை எண்டு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

அவர் எழுந்து போய் அடுப்படியில் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி, இனி என்ன செய்யோணும் எண்டு சொல்லு."

செய்ய வேண்டியதை எமிலியே செய்தாள், அழகாகவும் செய்தாள். வகுப்பாசிரியரிடம் போய், பிரெஞ்சு மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது, தன் வகுப்பில் எத்தனை பேர் எந்த எல்லைக்குள் நிற்கிறார்கள் என்று ஒரு சான்று கேட்டு வாங்கினாள். தானும் ஒரு பக்கம் எழுதினாள். அதில் கெஞ்சல் இல்லை, குறை சொல்லல் இல்லை. 'எண்பத்திரண்டு என்று எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் பல நாடுகளில் உறவினர் இருப்பதால் அப்படி மாற்றிச் சொல்வது வழக்கம். அந்த வழக்கம் உங்கள் படிவத்துக்குப் பொருந்தவில்லை' என்று தொடங்கி, வகுப்புச் சராசரிகளை வரிசையாகக் கொடுத்தாள்.

பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு பெண் அதிகாரி காணொளியில் அழைத்தார். அங்கே காலை, இங்கே பின்னேரம். எமிலி அழகுநிலையத்தின் பின்னறையில், துவாய்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினாள். அதிகாரி முதலில் ஒன்றை விளக்கினார். பிரெஞ்சு மதிப்பெண்ணை மாற்ற அவர்களிடம் தனி அட்டவணையே இருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே நூற்றுக்கு மாற்றி எழுதிவிட்டால், மாற்றியதை மறுபடி யாரும் மாற்றுவதில்லை.

"ஒன்று கேட்கட்டுமா? இருபதுக்கு இருபது யாருக்குத்தான் கிடைக்கும்?" என்றார் அதிகாரி.

"கணிதச் சோதனை ஒன்றில் சிலருக்குக் கிடைக்கும். வருடச் சராசரியாக நான் பார்த்ததில்லை. தத்துவத்தில் யாராவது பதினைந்து எடுத்தால் ஆசிரியை அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசிப்பார்."

"உன்னுடையதை வாசித்தாரா?"

"இரண்டு முறை."

அதிகாரி சிரித்தார். "இதை நீ முதலிலேயே எழுதியிருக்கலாமே."

"எண்பத்திரண்டைப் பெருமையாகச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது, மேடம்."

அதிகாரி தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். குழு கூடிப் பேசும், காத்திரு என்றார்.

பதில் ஏப்ரல் கடைசி வாரத்தில், நல்ல கூட்டமான ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. புஸ்பராணி அருள்மலர் என்ற இளம்பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனைகள் விரல்களில். நூலை விட்டால் பிடி தளர்ந்துவிடும், ஆகவே வாய் திறக்க முடியாது. எமிலி தொலைபேசியோடு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா."

புஸ்பராணி கண்களால் கேட்டார்.

"பதினாறு புள்ளி நாலைத் தங்கடை அட்டவணையிலை பாத்திருக்கினம். ஆக மேல் வரிசையாம். உள்ளூர்க் கட்டணம்தான், நாலு வருசத்துக்கும். ஒவ்வொரு வருசமும் நல்லாச் செய்யோணும், இல்லாட்டி நிப்பாட்டிப் போடுவினம்."

"நீர் செய்வீர்," என்றாள் அருள்மலர், கண்ணை மூடியபடியே.

"மே முதலாந் தேதிக்குள்ளை வாறன் எண்டு சொல்லோணும். சொல்லட்டோ, அம்மா?"

புஸ்பராணியின் பல்லில் இருந்து நூல் நழுவி அருள்மலரின் கன்னத்தில் விழுந்தது.

"சொல்லு," என்றார். "இப்பவே சொல்லு. அப்பாவுக்குப் பிறகு போன் அடிக்கலாம்."

எமிலி திரையை அழுத்தினாள். புஸ்பராணி அவளுடைய தலையைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, மேசையில் நூல்கண்டைத் தேடினார். அது அவருடைய கையிலேயே இருந்தது.

"அக்கா," என்றாள் அருள்மலர், "சந்தோசம்தான். ஆனால் மற்றப் புருவத்தையும் செய்து விடுங்கோ. இப்பிடியே மெத்ரோவிலை போகேலாது."

"செய்யிறன் பிள்ளை. புது நூல் எடுக்கிறன். ஒரு நிமிசம் பொறும்."