செருவனின் ஆசனம்

ஞாயிறு மதியம். வேணுவின் குவார்ட்டர்ஸில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பாயின் நடுவே இருபது முகப் பகடை கிடந்தது. சரிதா அதைத் தொடவில்லை.

விளையாட்டில் கதை சொல்பவன் வேணு. செருவன் என்ற போர்த்தெய்வத்தைப் படைத்தவனும் அவன்தான். ஆயிரம் ஆண்டுகளாக இரும்பு ஆசனத்தை விட்டு எழாமல் வாள் சுழற்றும் தெய்வம். செருவனை வெல்லப் பகடையில் இருபதே விழ வேண்டும். இல்லையென்றால் சரிதா ஆடும் வீராங்கனை கயல் சாவாள். விழுந்த எண்ணை மாற்றுவதில்லை என்பது வேணு வைத்த விதி.

"கயல் செத்தா நான் இனிமே வர மாட்டேன்" என்று சரிதா போன வாரமே சொல்லிவிட்டாள். அவள் வராவிட்டால் கூட ஆடும் சிலம்பரசனும் வரமாட்டான். வாரமெல்லாம் வாய் திறக்காமல் கிடப்பது வேணுவுக்குப் பழக்கம்தான். பேச்சென்று இருப்பது இந்த ஒரு மதியம்தான்.

"போடு சரிதா. கயல் செத்தா மாலை நான் வாங்கியாறேன்" என்றான் சிலம்பரசன்.

"வாய மூடுடா. வேணு, இந்தாளு ஏன் எழுந்திருக்கவே மாட்றாரு?"

வேணு அதை யோசித்ததே இல்லை. "தெரியல. உக்காந்துகினே இருக்காரு, அவ்ளோதான்."

மூவருக்கும் சுரங்கத்தில் வேலை. அடுத்த ஷிப்டு ஆள் வந்து பக்கத்தில் நிற்காமல் அங்கே யாரும் இருக்கையை விட்டு எழுவதில்லை. பொங்கலன்று மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வராமல் சரிதாவே கன்வேயர் அறையில் இரண்டு ஷிப்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் நிமிர்ந்தாள். "கயல் கத்தியக் கீழ வெக்கிறா. அவரு பக்கத்துல போயி நிக்கிறா. 'நான் ரிலீவருங்க. நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க'ன்றா."

வேணு பகடையைப் பார்த்தான். இதற்குப் பகடை எதற்கு? இதை யார் மறுப்பார்கள்?

"எழுந்துட்டாரு" என்றான் மெல்ல. "நெட்டி முறிக்கிறாரு. டிபன் கேரியரத் தேடறாரு."

சிலம்பரசன் பாயில் விழுந்து சிரித்தான்.

"ஆனா இனிமே கயல்தான் அங்க உக்காரணும்" என்றான் வேணு.

"அடுத்த ஷிப்டு நான் வரேன்டா. அதுக்கடுத்து நீ ஒரு ஆள உண்டாக்கிக்கினு வா" என்றான் சிலம்பரசன்.

"வார ஆஃப் அன்னிக்கு?" என்றான் வேணு.

"அன்னிக்குப் போருக்கே ஆஃப்."

சரிதா பகடையை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுச் சிலம்பரசனைப் பார்த்தாள். "டேய், வர்ற ஞாயித்துக்கெழம லேட்டா வந்து கயலக் காக்க வெச்ச, தொலைச்சிடுவேன்."

டீ போட எழுந்த வேணுவுக்குக் கால் மரத்திருந்தது. இருவரையும் எதிர்பார்த்துக் காலையில் உட்கார்ந்தவன் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.