எட்டாம் டப்பாவின் மூடி

லெனின்கிராட் ஸ்டுடியோ ஒன்றின் கிடங்கில், தடைவிழுந்து அலமாரியில் கிடந்த படம் வருடத்துக்கு அரை நிமிடம் வீதம் வளர்ந்துகொண்டிருந்தது. கடைசிச் சுருள் இருந்த எட்டாம் டப்பாவின் மூடி பொருந்தாமல் போகவே, கிடங்குப் பொறுப்பாளர் ஸோயா கர்ப்போவ்னா பெரிய டப்பா கேட்டு மனுப் போட்டாள். ஏழு மாதத்தில் வந்தது, அதுவும் போதவில்லை.

இயக்குநர் யெவ்சேய் மத்வேயவிச் நாவல்களை மட்டுமே படமெடுப்பவர். ஆசிரியர் வைத்த காற்புள்ளியைக்கூட அசைக்கமாட்டார். புத்தகத்தில் மழை என்றால் மழை வரும்வரை மொத்தப் பட்டாளமும் குடையோடு காத்திருக்க வேண்டும். 1967இல் எடுத்த இந்தப் படத்தில், போருக்குப் போன கணவனுக்காக ஒருத்தி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள், அவன் வருவதில்லை. நடித்தது அவர் மனைவி தாய்சியா. கணவன் வந்து இறங்கினால்தான் வெளியீடு என்றது தணிக்கைக் குழு.

"புஸ்தகத்துல அவன் வரலை," என்றார் இவர்.

"காத்துக்கிட்டு நிக்கிறவ பாவமில்லையா, யெவ்சேய்? இறக்கிவிட்டாத்தான் என்ன, குடியா முழுகிடும்?" என்று தாய்சியாவே கேட்டாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. படம் அலமாரிக்குப் போனது. இரண்டாவது குளிர்காலத்தில் நிமோனியா கண்டு தாய்சியா இறந்தாள்.

அதற்கப்புறம் ஆறு நாவல்கள் எடுத்தார், இரண்டு பதக்கம் வாங்கினார். வருடந்தோறும் ஸோயா சுருளை பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்து அவரிடம் சொல்வாள்: "உங்க வீட்டம்மாவுக்கு நல்லா நரைச்சிருச்சுங்க. போன வருஷம் காதோரம் மட்டுந்தான். இப்போ பெஞ்சில உக்காந்துட்டாங்க, கால்வலி போல."

"கோட்டு போட்டிருக்காளா?"

"அதே பழசுதான். மேல் பொத்தான் போயிருச்சு."

பொத்தான் போனதைக் கேட்ட அன்றைக்கு அவர் தன் பிடிவாதத்தை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்துபோய், கறுப்புப் பொத்தான் ஒன்று வாங்கிவந்தார்.

1986இல் தடை நீங்கியது. ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம், அப்படியே ஓட்டலாம் என்றது புதிய குழு. கணவன் வந்து இறங்கும் பழைய திருத்தத்தைச் செய்தே தீரவேண்டும் என்று மனுக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

"நடிச்சவங்களே இல்லையே, எப்படிங்க செய்வீங்க?" என்றார்கள்.

"அவ இருக்கா. நான்தான் இன்னும் போகலை."

வெளியீட்டு நாள் முதல் காட்சியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுருளில் அவர் இருக்கை காலியாக இருந்தது. திரையில் ரயில் வந்து நின்றது. மூன்றாம் பெட்டியிலிருந்து ஊசியும் நூலும் பொத்தானுமாக அவர் இறங்கினார். தாய்சியா மெதுவாக எழுந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"புஸ்தகத்துல இல்லையே யெவ்சேய், எப்படி வந்த?"

சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் கழற்றிக் கொடுத்திருந்த கோட்டைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றார்கள். பத்தொன்பது வருடப் பழைய கோப்பில் 'திருத்தம் செய்யப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. படம் அதன்பிறகு வளரவில்லை; ஸோயா கடைசியாக ஒரு பெரிய டப்பா வாங்கினாள். எட்டாம் டப்பாவின் மூடி இப்போது சரியாகப் பொருந்துகிறது.