நசுங்கிய ஐந்து ரூபாய்

போடிக்கு மறுபடி ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து செல்வினுக்குப் பெரிய ரோதனை. தேனி கடைவீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர்; பழைய காசு பார்த்துச் சொல்வது அவருடைய கிறுக்கு. காசைத் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிவிட்டு, இது நாணயச்சாலையிலேயே கோணலாக அச்சடித்தது, லட்சம் தேறுமா என்று வாரத்துக்கு நாலு பேராவது வந்து நின்றார்கள். எல்லாம் செல்போனில் வரும் வீடியோ செய்கிற வேலை. செல்வின் சுற்றி வளைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மத்தியானம் வந்த பெண்ணையும் அந்தக் கும்பலில்தான் சேர்த்தார். முப்பது வயதிருக்கும். பெயர் தேவயானி, ஊர் அல்லிநகரம் என்றாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு ஐந்து ரூபாய்க் காசைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். சப்பையாகி, ஒரு பக்கம் நாக்கு நீட்டியதுபோல் இழுபட்டிருந்தது.

"இது எப்பிடி இப்பிடி ஆச்சுன்னு பாத்துச் சொல்லணும் அண்ணாச்சி."

"லட்சமெல்லாம் வராதும்மா. மொதல்லயே சொல்லிட்டேன்."

"அதுக்கில்ல..."

அவள் முடிப்பதற்குள் லென்ஸை எடுத்துவிட்டார்.

"இங்கன பாருங்க. பொறப்புலயே கோணல்னா எழுத்து அந்தக் கோணல் மேல முழுசா விழுந்திருக்கும். இதுல எழுத்தே நசுங்கிக் கெடக்கு. அச்சடிச்சு வெளிய வந்த பொறகு ஆன சேதம் இது."

அவள் முகம் தெளிந்தது. செல்வினுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பதிலைக் கேட்டு இதுவரை யாரும் முகம் தெளிந்ததில்லை.

"ரயில் ஏறுனதுதான அண்ணாச்சி?"

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். கர்வம் விடவில்லை.

"ரயிலா? சக்கரம் ஏறுனா ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கும். இது சுத்தியல் அடி. இந்தா, குழி குழியா நாலு எடத்துல. அடியில வச்ச இரும்போட வரிகூடப் பதிஞ்சிருக்கு. எவனோ பட்டறையில உக்காந்து அடிச்சிருக்கான். நல்லா ஏமாந்தீக போங்க."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். அவள் கடை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந் தம்பி பட்டறையிலதான் வேல பாத்தான்," என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். தம்பி விஜயபாண்டி போன மாதம் போடி ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான். தானாகப் போய் விழுந்தான் என்று தெருவே பேசியது. அம்மா அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. அவனுக்குப் பக்கத்தில் கிடந்ததென்று இந்தக் காசைப் போலீஸ்காரர்கள் அவளிடம் கொடுத்தார்கள். ரயில் நசுக்கிய காசு வேண்டுமென்று தேவயானியின் மகள் மாமனை ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்காகக் காசு வைக்கப் போயி, குனிஞ்ச நேரத்துல வண்டி வந்துருச்சுன்னு நெனச்சேன். நீங்களும் ரயில் ஏறுனதுன்னு சொல்லிட்டா அம்மாட்ட தைரியமாச் சொல்லலாம்னு..."

நாலு வார்த்தை கேட்டுவிட்டு வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று செல்வின் தன்னையே சபித்துக்கொண்டார். லென்ஸை மறுபடி எடுத்தார்.

"அவசரத்துல பாத்துட்டேன்மா. ரயில் ஏறுனாலும் சில சமயம் இப்பிடிக் குழி விழும்."

"வேணாம் அண்ணாச்சி. காசு விசயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு சொன்னாக. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

காசை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"குடுக்க வேண்டிய காச பட்டறையிலயே அடிச்சு வச்சிருந்திருக்கான். பெறகு எதுக்குத் தண்டவாளத்துக்குப் போனான்?"

செல்வின் லென்ஸை மேசைக்குள் வைத்து மூடினார்.

"புள்ளைட்ட ரயில் நசுக்குனதுன்னே குடுத்துருவேன். அவனும் அப்பிடிச் சொல்லித்தான் குடுத்திருப்பான்," என்றாள் தேவயானி. "அம்மாட்டத்தான் என்ன சொல்லன்னு தெரியல."