காதோரத்து வெளுப்பு

பெரியவர் படத்தை மார்போடு அணைத்தபடி போட்டோ கடைக்குள் வந்தார். புகார் சொல்ல வந்தவராகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர்போல நின்றார்.

"தப்பு என் மேலதான். என் கைதான் கெடுத்துடுச்சு. சரி பண்ண முடியுமா?"

காலமான மனைவியின் படம் அது. "படத்துக்குக் கண்ணாடி போட்டா என் மூஞ்சிதான் அதுல தெரியுது. இந்த மூஞ்சியை அவ பார்த்த பாடு போதும், நான் வேற பாக்கணுமா?" என்று சொல்லி, பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டுத் தரக் கேட்டிருந்தார். அவ்வப்போது தொட்டுப் பார்ப்பேன் என்றும் கூச்சத்தோடு சொல்லியிருந்தார்.

மேட் தாளில் மை மேலாகவே தங்கும். விரல் உரசினால் வந்துவிடும். அதனால் காப்பு ஸ்ப்ரே அடிப்பார்கள்: இடம் வலமாக மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் மேலிருந்து கீழாக இன்னொன்று, பிறகு மறுபடியும். கடைக்காரரின் மருமகள்தான் இதைச் செய்பவள். பெரியவர் படம் வாங்க வரவிருந்த அன்று, அவள் முதல் பூச்சை மட்டும் அடித்துவிட்டுக் குழந்தைக்குச் சோறூட்ட மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது மேசை காலி. "அவசரப்பட்டாரு. மிச்சத்தை நானே அடிச்சுக் குடுத்துட்டேன்மா" என்றார் மாமனார்.

இப்போது அந்த மாமனாரே குரலை உயர்த்தினார். "போட்டோ பாக்கறதுக்கா, தடவறதுக்கா? ஈரக் கையோட தொட்டிருப்பீங்க!"

காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"துடைச்சுட்டுத்தான் தொட்டேன்…" பெரியவர் தடுமாறினார். "ஈரம் இருந்திருக்கும். இப்பல்லாம் எனக்கு எதுவும் நினைவு நிக்கல."

மருமகள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். காதோரக் கருங்கூந்தல் விரலகலத்துக்கு வெளுத்திருந்தது. தாளின்மேல் இருந்தது அவள் இடம் வலமாக அடித்த ஒரே பூச்சு. அதற்குமேல் ஒரு துளிகூட இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படம் கெட்டால் இன்னொன்று அச்சிடலாம். மனைவியின் முகத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று ஒரு மனிதரை நம்பவைத்து வீட்டுக்கு அனுப்புவதா? அதைப் பாவம் என்று சொல்லாமல் கடவுள் வேறென்ன சொல்வார்?

"மாமா, நீங்க அடிக்கவே இல்ல."

"கஸ்டமர் முன்னாடி என்ன பேச்சு இது? உள்ள போ!"

"போறேன். சொல்லிட்டுப் போறேன். ஐயா, உங்க கை எதையும் கெடுக்கல. நாங்கதான் வேலையை முடிக்காம குடுத்தோம்."

பெரியவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நிஜமா நான் இல்லையாம்மா?"

"சத்தியமா நீங்க இல்ல."

அன்று புதிதாக அச்சிட்டு மை காய வைத்தாள். மறுநாள் காலையிலேயே பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். மாமனார் அவளோடு பேசவில்லை. "அவன் வரட்டும், உன் புருஷன்கிட்ட பேசிக்கறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னதோடு சரி. அவள் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு பின்வாசலோரம் ஸ்ப்ரேயை எடுத்தாள். மின்விசிறி சுழன்றால் ஈரப் பூச்சில் தூசி ஒட்டும் என்று அதை நிறுத்தினாள்.

கடை அடுப்பாய்க் காய்ந்தது. மாமனாருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. அதைப் பார்த்த பெரியவர் மேசையிலிருந்த செய்தித்தாளை மடித்து, தூசி பின்பக்கம் போகாதபடி திரும்பி உட்கார்ந்து, அவருக்கு மெல்ல விசிறத் தொடங்கினார்.

"விடுங்க சார், வேணாம்."

"இருக்கட்டும் தம்பி. நீங்களும் என்னைப்போல வயசாளிதானே."

மாமனார் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான்தான் அடிக்கல சார்" என்றார்.