சேர்ந்து போகிறவர்களுக்கான பாஸ்

ஆர்.எஸ்.புரத்தில் நசுருதீன் நடத்திவந்த டிராவல்ஸில் துபாய்க்கும் ஜித்தாவுக்கும்தான் டிக்கெட் போட வருவார்கள். ஐரோப்பா என்று கேட்டு யாரும் அந்தப் படி ஏறியதில்லை. இருந்தாலும் அவர் ஐரோப்பிய ரயில் கால அட்டவணை ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அதைப் பிரித்து, வியன்னாவில் வண்டி மாறினால் வெனிசுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கோவையிலிருந்து அவர் ரயிலில் போன அதிகபட்ச தூரம் சென்னை.

அதனால் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஏப்ரலில், மதுக்கரை சிமெண்ட் வியாபாரி பாலுசாமி மனைவி கனகத்தோடு வந்து உட்கார்ந்து, "பாரிஸ்ல இறங்கறோம், ரோம்ல பிளேன் ஏறறோம். நடுவுல பதினாலு நாளு ரயில்லயே சுத்தோணும் பாய்" என்றதும் நசுருதீன் அந்தக் கால அட்டவணையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் அதிக மூட்டை விற்றதற்காகக் கம்பெனி கொடுத்த பரிசு அந்த விமான டிக்கெட்டுகள்.

"எந்தெந்த ஊரு பாக்கோணுமுங்கண்ணா?"

"ஜெர்மனியில கொலோன் பக்கத்துல ஒரு சிமெண்ட் பேக்டரி இருக்குதாம். அதைப் பாத்தாப் போதும்."

"அக்காவுக்குங்க?"

கனகம் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் பனிமலை பாக்கோணும். சிமெண்ட் ஊட்டுலயே இருக்குதுன்னு அவியகிட்டச் சொல்லுங்க பாய்."

'அவிய' பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நசுருதீன் சொன்னார்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க" என்றார் பாலுசாமி.

அதையும் சொன்னார்.

கனகம் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது பாலுசாமியே விஷயத்தைச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழையில் நாற்பது மூட்டை நனைந்து கல்லாகிவிட்டது. தார்ப்பாய் போடச் சொன்னேனே என்றாள் கனகம், சுமை இறக்குகிறவர்கள் முன்னால். நீ சொல்லவே இல்லை என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது. சாப்பாடு, கோயில், கல்யாணம் எல்லாம் ஒன்றாகத்தான். பேச்சு மட்டும் யாராவது ஒருவர் வழியாக.

நசுருதீன் தொழிலுக்கு வந்தார். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் கட்டாது. பாஸ் எடுத்தால் இரண்டு மாதத்துக்குள் எந்தப் பத்து நாளிலும் எந்த வண்டியிலும் ஏறலாம். ஏறுவதற்கு முன் பாஸில் உள்ள கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிவிட வேண்டும், எழுத மறந்தால் அபராதம். "இன்னொரு பாஸும் இருக்குதுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிக்கெட்டு. நூத்துக்குப் பதினஞ்சு குறைச்சல். ஆனா ரெண்டு பேரும் எப்பவும் ஒரே வண்டியிலதான் போகோணும்."

"தனித்தனியாவே போடுங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

நசுருதீன் இரண்டு பயணத் திட்டம் எழுதினார். பாலுசாமி பாரிஸிலிருந்து கொலோன், அங்கிருந்து ரோம். கனகம் பாரிஸிலிருந்து சுவிஸ் பனிமலை அடிவாரத்து இன்டர்லாக்கன், அங்கிருந்து ரோம். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள்.

திங்கட்கிழமை கனகம் மட்டும் வந்தாள்.

"ஏனுங்க பாய், அவிய போற ஊருக்கே எனக்கும் போட்டுருங்க. கறி வேண்டாம்னு அங்க சொல்லக்கூட அவியளுக்குத் தெரியாது. பட்டினி கெடந்து போடுவாரு."

"அண்ணாகிட்டச் சொல்லட்டுங்களா?"

"சொல்லிப் போடாதீங்க."

நசுருதீன் கனகத்தின் திட்டத்தில் இன்டர்லாக்கனை அடித்துவிட்டுக் கொலோன் என்று எழுதினார். வேலை சுலபமாக முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

புதன்கிழமை பாலுசாமி வந்தார். வெகுநேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, "அவளுக்கு முழங்கால் வலி பாய். அந்தக் குளிர்ல பெட்டியத் தூக்கிட்டு எப்படி எறங்குவா? எனக்கும் அந்தப் பனிமலைக்கே போட்டுருங்க. அவகிட்ட மூச்சு உடாதீங்க" என்றார்.

அவர் போனபின் நசுருதீன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இருவரில் யாரிடமும் கேட்காமல், சேர்ந்து போகிறவர்களுக்கான பாஸுக்கே பணம் கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு இருவரும் வந்தார்கள். பாஸில் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைப் பாலுசாமி இரண்டு தடவை படித்தார்.

"தனித்தனியாத்தானே போடச் சொன்னோம்?"

நசுருதீன் இரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்தார். "மன்னிக்கோணுமுங்க. அக்கா திங்கக்கெழமை வந்து கொலோனுக்கு மாத்துனாங்க. நீங்க புதன்கெழமை வந்து சுவிஸுக்கு மாத்துனீங்க. அப்படியே உட்டா நீங்க தனியா பனிமலையில நிப்பீங்க, அக்கா தனியா சிமெண்ட் பேக்டரியில நிப்பாங்க."

பாலுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும் அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

கனகம்தான் பாஸைக் கையில் எடுத்தாள். நேராக அவரைப் பார்த்தாள்.

"இதுல தேதி எழுதோணுமாம். நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?"

"நீயே எழுது" என்றார் பாலுசாமி. "என் கையெழுத்து எனக்கே புரியாது."

"மொதல்ல எந்த ஊரு?"

"கொலோன்."

"அதெப்படிங்க? போகப் போக வெயில் ஏறுமாம். பனி கரைஞ்சு போகாது?"

"அந்தப் பனி கரையாது."

"நீங்க பாத்தீங்களா?"

நசுருதீனுக்கு ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கடையைப் பூட்ட வேண்டும் என்று இரண்டு தடவை இருமினார். யார் காதிலும் விழவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தார்கள். கால அட்டவணை நடுவில் விரிந்துகிடந்தது. கனகம் நசுருதீனின் பென்சிலை எடுத்து வைத்திருந்தாள்.

"பாய், நீங்களே சொல்லுங்க" என்றார் பாலுசாமி. "பாசல்ங்கற ஊர்ல பன்னண்டு நிமிசத்துல வண்டி மாற முடியுமா, முடியாதா? முடியாதுங்கறா இவ."

நசுருதீன் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் முதன்முதலாக ஒருவர் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பெட்டி எத்தனைங்க?" என்று கேட்டார்.

கடைசியில் சுவிஸ்தான் முதலில் என்று ஆனது. பன்னிரண்டு நிமிஷ வண்டி வேண்டாம் என்றும் ஆனது. இரண்டும் கனகம் சொன்னதுதான்.