வண்டி பார்க்க வந்த மூன்றாவது ஆள்

எங்கள் பக்கத்தில் பழைய பிக்கப் வண்டி வாங்கப் போகிறவன் தனியாகப் போக மாட்டான். விற்கிறவன் ஒருத்தன், வாங்குகிறவன் ஒருத்தன், கூடவே மூன்றாவதாக ஒருத்தன் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் விற்கிறவனிடம் வாய் திறக்கக் கூடாது. வண்டியைச் சுற்றி வருவான், அடியில் படுப்பான், ஆயிலை முகர்ந்து பார்ப்பான். கடைசியில் வாங்குகிறவனை வேலி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு வார்த்தை சொல்வான். அதோடு பேச்சு முடிந்தது. அமெரிக்காவில், மேற்கு டகோட்டாவின் இந்த மூலையில் நாற்பது வருஷமாக அந்த மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரர் வெர்லின்தான். கூலி என்று எதுவும் கிடையாது. போன வீட்டில் ஒரு காப்பி, ஒரு துண்டு ஆப்பிள் பை, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வண்டியை அவருக்கே தெரியாமல் விற்பதற்கு நான் ஆள் வரச்சொல்லியிருந்தேன்.

ஆசைப்பட்டு விற்கவில்லை. இரண்டு வருஷமாக அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார். வெர்லின் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் நேராக ஸ்டியரிங் பக்கம் போய் ஏறினார். செப்டம்பரில் ஒரு காலை, மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எங்களிடம் மாடே கிடையாது, விற்று மூன்று வருஷம் ஆகிறது. சாயங்காலம் தொண்ணூறு மைலுக்கு அப்பால், பள்ளத்தில் இறங்கிய வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவரை ஷெரீஃப் கண்டுபிடித்தார். மேலே கோட்டுகூட இல்லை, வெறும் சட்டைதான். அதுவே ஜனவரியாக இருந்தால் விறைத்துப்போன உடம்பைத்தான் கொண்டு வந்திருப்பார்கள். எங்கள் ஊரில் சாவி எப்போதும் வண்டியிலேயே தொங்கும், யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். நான் மூன்று சாவிகளை ஒளித்து வைத்தேன். நாலாவது சாவி எங்கிருந்தோ முளைத்தது. பனி விழுவதற்குள் அந்த வண்டி முற்றத்தை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் என் புருஷன் போய்விடுவார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளே வண்டியைக் கழுவினேன். பதினாறு வருஷமாகச் சேறும் சாணமுமாக இருந்த வண்டி. கயிறு, கையுறை, முள்கம்பி எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டகையில் போட்டேன். கழுவி முடித்ததும் எனக்கே அது யாருடைய வண்டியோ என்றிருந்தது.

வாங்க வந்தவன் ட்ராய் ஹெகன். அறுபது மைல் தள்ளி மாடு வளர்க்கிறான், முப்பத்தைந்து வயதிருக்கும். அவன் மனைவி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். பிடித்திருந்தால் இந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"யாரையும் கூட்டிட்டு வரலியா?" என்று கேட்டேன்.

"யாரைக் கூட்டிட்டு வர்றது? அப்பா இருந்தவரைக்கும் வெர்லினைத்தான் கூட்டிட்டுப் போவாரு. அவரோட வண்டியைப் பாக்க அவரையே கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

இருவரும் சிரித்தோம். அவர் உடம்பு நிலையைப் போனிலேயே சொல்லியிருந்தேன். மாட்டுச் சந்தை ஏலத்தை டிவியில் போட்டுவிட்டு, அவர் கண்ணயர்ந்த பிறகுதான் வெளியே வந்திருந்தேன். அன்று காலை நல்ல உறைபனி. வருகிற பையன் குளிரில் உட்கார வேண்டாமே என்று இருபது நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரையும் போட்டு வைத்திருந்தேன். இங்கே விருந்தாளிக்கு அதெல்லாம் செய்வதுதான் மரியாதை.

ட்ராய் கதவைத் திறக்கப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய், நீ ரூபன் ஹெகன் மகன்தானே? மூக்கே சொல்லுது."

வெர்லின் படியில் நின்றிருந்தார். தலையில் தொப்பி, கையில் டார்ச். காதுக் கருவியை மாட்டவில்லை.

"ஆமா சார்," என்றான் ட்ராய் உரக்க, என்னைப் பார்த்துக்கொண்டே.

"உங்கப்பன் எங்க?"

ரூபன் செத்துப்போனதை ட்ராய் சொல்லவில்லை. "வேலையா இருக்காரு."

"அவனுக்கு என்னிக்குத்தான் வேலை இல்ல! சரி, எது? இதுதானா?"

தன் வண்டியைத்தான் கேட்டார். அவர் கண்ணில் ஒரு சந்தேகமும் இல்லை. வெளியூரில் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் நிற்பது போல நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்து, விற்கிற வீட்டு அம்மாளுக்குத் தொப்பியை லேசாகத் தொட்டுக் காட்டினார். ஐம்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்ததற்கு அந்த மரியாதை கிடைத்தது.

பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் சுருங்கியது.

"சூடா இருக்குடா. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாத்தான் அதோட உண்மைக் குரல் கேக்கும். சூடேத்திக் காட்டுறவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

"குளிருமேன்னுதான் போட்டு வச்சேன்," என்றேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வாழ்நாளில் ஒருத்தரையும் ஏமாற்றியதில்லை, ஏமாற்றுக்காரி என்று சொல்வதற்கு என் புருஷனே வந்துவிட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாவது ஆள் விற்கிறவரோடு பேசக் கூடாதல்லவா, அந்த ஒழுங்கு மட்டும் மறக்கவில்லை.

முக்கால் மணி நேரம் பார்த்தார். காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் தடுமாறிய அதே கைகள்தான். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தன. கியர் ஆயிலை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோயின. "கருகல் வாடை இல்ல. சிவப்பு நிறம் அப்படியே இருக்கு." சேறே இல்லாத தரையில் மல்லாந்து படுத்து, வண்டியின் அடிச்சட்டத்தில் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டித் தட்டிக் கேட்டார். காது மந்தமான மனிதர் என்னத்தைக் கேட்டாரோ! "மேல் துருதான். உள்ள கெட்டியா இருக்கு," என்றார். எழுந்திருக்க ட்ராய் கை கொடுத்தான்.

பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்து வண்டியின் உடம்பெங்கும் ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்சக்கரத்துக்கு மேலே அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.

"இந்தா, ஒடுங்கின இடத்துல பட்டி வச்சு பெயின்ட் அடிச்சிருக்கு. ஏதோ ஒரு மடையன் ரிவர்ஸ்ல கம்பத்துல கொண்டு போய் விட்டிருக்கான்."

அந்த மடையன் அவர்தான். சர்ச் வாசலில் நடந்தது அது. கம்பம் இருந்த இடம் தப்பு என்று பத்து வருஷமாகச் சாதித்தவர். நான் சிரித்துவிட்டேன், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

ஒவ்வொரு குறையும் வெளியே வர வர எனக்குப் பயம் ஏறியது. இந்த மனிதர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ட்ராய் வாங்க மாட்டான். ஹெகன் வீட்டில் வெர்லின் சொல்லை மீறி ஒருத்தரும் வண்டி வாங்கியதில்லை. அவன் வாங்காவிட்டால், மூன்றாவது ஆளே வேண்டாம் என்றார் என்கிற பேச்சு ஒரு வாரத்தில் ஊரெல்லாம் சுற்றும். பிறகு யார் வருவார்கள்?

கடைசியாக உள்ளே ஏறினார். பிரேக் பெடலின் ரப்பரைப் பார்த்தார். சீட்டை முன்னே நகர்த்த முயன்றார், அது அசையவில்லை.

"பாத்தியா, வாங்கின நாள்லருந்து இந்த சீட்டை யாரும் நகத்தினதே இல்ல. ஒரே ஆள் ஓட்டின வண்டி. பொண்டாட்டி கையில சாவியே குடுத்ததில்ல." பக்கத்து சீட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். "அந்த அம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க. கதவுக் கைப்பிடி எப்படித் தேஞ்சிருக்கு பாரு. பயந்து பயந்து பிடிச்சிக்கிட்டே வந்திருக்காங்க, பாவம். என்ன மாதிரி ஆளுடா இவன்!"

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "நீங்க உங்க வீட்டுக்காரியை ஓட்ட விடுவீங்களா?"

அந்த ஒழுங்கை மீறிப் பதில் சொன்னார். "அவ கேட்டதே இல்லம்மா."

நான் நாலு தடவை கேட்டிருக்கிறேன்.

பிறகு வழக்கப்படி ட்ராயின் தோளைப் பிடித்து வேலி ஓரமாக அழைத்துப் போனார். ரகசியம் சொல்வதாக அவருக்கு நினைப்பு. காதில் கருவி இல்லாததால் சொன்னதெல்லாம் எனக்கும், பக்கத்துப் பண்ணைக்கும்கூடக் கேட்டிருக்கும்.

"வாங்கு. கனமான பாரம் இழுத்திருக்கான், ஆனா பொறுமையா இழுத்திருக்கான். இன்ஜின் இன்னும் லட்சம் மைல் ஓடும். விலை மட்டும் பேசாத. அந்த அம்மா கேக்கறதைக் குடுத்துடு. இப்படிப் பாத்துக்கிட்ட வண்டியை உயிரோட இருக்கறவன் விக்க மாட்டான்."

ட்ராய் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெர்லின் அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் எப்பம்மா தவறினாரு?"

அந்த வீட்டுக்காரரே நீங்கதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குழம்புவார், பிறகு கத்துவார், சாவி கேட்பார், வண்டி முற்றத்திலேயே நிற்கும்.

"ஒரேயடியா போகல," என்றேன். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் போனாரு."

"அது கஷ்டம். கூட இருக்கறவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்." என் கையைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினார். பல மாதங்களாக யாரும் எனக்குச் சொல்லாத ஆறுதல் அது. அதை அவர் வாயால் கேட்டபோது, அவர் தோளிலேயே சாய்ந்து அழ வேண்டும் போலிருந்தது. யாரோ ஒரு மனிதரின் தோளில் எப்படிச் சாய்வது?

ட்ராய் விலை பேசவில்லை. எங்கள் இருவரில் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று வண்டி பதிவாகியிருந்ததால் என் கையெழுத்தே போதும். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டான். வண்டி பாதையில் இறங்கி, மேட்டைத் தாண்டி மறைந்தது.

வெர்லின் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, அந்தப் பய என்னை விட்டுட்டுப் போய்ட்டானே!"

பிறகு கூச்சத்தோடு கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. என்னைக் கொஞ்சம் வீட்டுல விட்டுட முடியுமா? லவோன் மத்தியானச் சாப்பாட்டை எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருப்பா. நேரமானா பயந்துருவா."

லவோன் நான்தான்.

என் சின்ன காரில் ஏற்றிக்கொண்டேன். தார் ரோடு வரை ஒரு மைல் போனேன், தபால் பெட்டியருகே திரும்பினேன், வந்த வழியே வந்தேன். "நல்லா ஓட்றீங்க," என்றார். எங்கள் வீடு தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதான், இதேதான். உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க. ஆள் வந்தா அவளுக்கு ரொம்ப சந்தோஷம்."

"இன்னொரு நாள் வர்றேன்," என்றேன்.

அவர் படியேறிக் கதவைத் திறந்து உள்ளே போனார். "லவோன்!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. "லவோன்?" இரண்டாவது குரலில் பயம் இருந்தது. எழுபத்துமூன்று வயதில் நான் ஓடினேன். வீட்டைச் சுற்றி ஓடி, பின்கதவு வழியாக அடுக்களைக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் எறிந்தேன்.

"இங்கதான் இருக்கேன்."

"எங்க போயிருந்த? கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

"எங்கயும் போகல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பாவம் லவோன், அந்த அம்மாவுக்குப் புருஷன் செத்துட்டாரு. தனியா இருக்காங்க. துக்க வீட்டுக்கு உருளைக்கிழங்கு வச்சு ஒண்ணு செஞ்சு கொண்டு போவியே, அந்த மாதிரி ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போய்க் குடு."

"சரி," என்றேன்.

"நாளைக்குன்னு தள்ளிப் போடாத. இன்னிக்கே செய்."

உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தேன்.